சொல்லாமல் விட்ட பத்து நாள்



மாசி மகம் நெருங்குகிறது. மலாக்கா பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் ரதம் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும் நாளை நம் ஊர் எண்ணிக்கொண்டிருக்கிறது. பாச்சாங் கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கும் நம் பத்திரிகை அலுவலகத்திலும் அதே பரபரப்புதான். வாழ்த்து விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள், தண்ணீர்ப்பந்தல் அறிவிப்பைப் போடச் சொல்ல வருகிறவர்கள் என்று படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓய்வதில்லை. வழக்கமாக இந்த மாதம் இந்தப் பக்கத்தில் திருவிழாவைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை, ஓராண்டாக மனத்தில் கிடக்கிற ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் இதே பருவம். ஒரு திங்கட்கிழமை காலை நம் கணக்கர் அக்காவின் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் நெடுநாள் சந்தாதாரர், எண்ணும் பெயரும் அவருடையதே. “மகள் கல்யாணம், குடும்பத்தோடு அவசியம் வரணும்” என்ற வரி, அதன் கீழே கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு. அக்கா தொட்டார். எதையோ பதிவு செய்ய அனுமதி வேண்டும் என்று கைப்பேசி கேட்டது. தெரிந்தவர் அனுப்பியதுதானே என்று கொடுத்துவிட்டார். பத்திரிகை திறக்கவில்லை. வேலைப் பளுவில் அதை அப்படியே மறந்துபோனார். பிற்பகல் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது, மூன்று தவணையாக யாரோ ஒருவருடைய கணக்குக்குப் பணம் போயிருந்தது. அது பத்திரிகை அல்ல, ஏ.பி.கே. எனப்படும் செயலிக் கோப்பு. பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பிய டேக் எண்களை அக்காவின் கண்ணில் படாமலே அந்தச் செயலி எடுத்துக்கொண்டது. சந்தாதாரருடைய புலனமும் அதற்கு முன்பே களவு போயிருந்தது.

உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைத்தோம், வங்கிக்குச் சொன்னோம், காவல் நிலையத்தில் புகார் எழுதினோம். கொஞ்சம் பணம் தடுக்கப்பட்டது, கொஞ்சம் போனது போனதுதான். அதெல்லாம் சரியாகவே செய்தோம். நான் செய்த தவறு அதற்குப் பிறகு. அழுதுகொண்டிருந்த அக்காவிடமும் மற்றவர்களிடமும், “வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம். நம்ம பத்திரிகை பேர் கெட்டுடும்” என்று சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஜாசின் பக்கத்திலிருந்து ஒரு மாதர் சங்கத் தலைவி பேசினார். அதே கல்யாணம், அதே வரி, அதே கோப்பு. அவர்கள் பொருளாளர் தொட்டுவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்க வைத்திருந்த பணம் போய்விட்டது. அந்தப் பொருளாளரின் எண் அக்காவின் கைப்பேசியில் இருந்தது. அங்கிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். தலைவியின் குரலில் கோபமே இல்லை. “அண்ணே, உங்களுக்கும் வந்துச்சாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்கு உலகம் முழுக்க இப்போது ஒரு தொழிலே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ‘திரெட் இன்டெலிஜென்ஸ்’ என்கிறார்கள். அச்சுறுத்தல் பற்றிய துப்பு என்று நாம் சொல்லலாம். யார் வருகிறான், எந்த வழியாக வருகிறான், உள்ளே வந்ததும் முதலில் எதைத் தேடுகிறான், அடுத்து யார் வீட்டுக்குப் போவான் என்பதை அவன் வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, கதவைச் சரிபார்ப்பது. பெரிய நிறுவனங்கள் இதற்கென்று ஆள் போட்டிருக்கின்றன.

இதைப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் மண்டோராக இருந்தவர். பள்ளி விடுமுறையில் அவரோடு நிரைக்குள் நடந்திருக்கிறேன். ஒரு பால்மரத்தின் முன் நிற்பார். விரலால் பட்டையைத் தடவுவார். வெட்டு ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருந்தால், “இது இன்னார் வெட்டு” என்று பெயர் சொல்வார். அந்த ஆளை அவர் அன்று பார்த்திருக்கக்கூட மாட்டார். கோட்டின் சாய்வு, சீவிய பட்டையின் கனம், வெட்டு முடியும் இடத்தில் கை எப்படித் தூக்கப்படுகிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவார். “கத்தியை மாத்திக்கலாம், கையை மாத்த முடியாதுடா” என்பார்.

இணையத் திருடர்களைத் தேடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். திருடன் பயன்படுத்தும் இணைய முகவரி, போலித் தளத்தின் பெயர், கோப்பின் அடையாளக் குறி எல்லாம் கத்தி மாதிரி. இன்று தடுத்தால் நாளைக்கு வேறு கொண்டுவருவான். அவன் பழக்கம்தான் கை. எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறான், நம்மை எப்படி நம்ப வைக்கிறான், நுழைந்த பிறகு எந்தத் தடத்தை அழிக்கிறான் என்பது சீக்கிரம் மாறாது. 2013இல் டேவிட் பியாங்கோ என்ற பாதுகாப்பு வல்லுநர் இதை ஒரு பிரமிடாகவே வரைந்து காட்டினார். அடித்தளத்தில் இருப்பதைத் தடுத்தால் திருடனுக்கு ஒரு நிமிட வேலை. உச்சியில் இருக்கும் பழக்கத்தைக் கண்டுபிடித்துத் தடுத்தால் அவன் தொழிலையே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். அதனால் அதற்கு ‘வலிப் பிரமிடு’ என்று பெயர்.

என் பத்து நாள் மௌனத்தை உலக அளவில் பார்த்தது வங்காளதேசக் கதையில்தான். அதை விரிவாகவே சொல்கிறேன்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்காளதேச மத்திய வங்கியின் பணம் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மத்திய வங்கிக் கிளையில் இருக்கிறது. டாக்காவிலிருந்து போவது போலவே, வங்கிகள் ஒன்றுக்கொன்று உத்தரவு அனுப்பும் சுவிஃப்ட் கட்டமைப்பு வழியாக 35 உத்தரவுகள் போகின்றன. மொத்தம் ஏறத்தாழ 951 மில்லியன் அமெரிக்க டாலர். மறுநாள் வெள்ளி, டாக்காவில் வார விடுமுறை. அடுத்து சனியும் ஞாயிறும் நியூயார்க்கில் விடுமுறை. அடுத்த திங்கள் சீனப் புத்தாண்டு, பணம் போய்ச் சேரும் மணிலாவில் விடுமுறை. அந்த நாள்களை அவர்கள் எத்தனை பொறுமையாக எண்ணியிருக்க வேண்டும் என்று பாருங்கள். டாக்காவில் இந்தப் பரிமாற்றங்களை அச்சிட்டுத் தரும் பிரிண்டரையும் முன்பே முடக்கிவிட்டிருந்தார்கள். காலையில் வந்த ஊழியர்கள் பிரிண்டர் பழுது என்றே நினைத்தார்கள்.

பெரும்பாலான உத்தரவுகள் நின்றது அதிர்ஷ்டத்தால். பணம் போய்ச் சேர வேண்டிய மணிலா வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிட்டர். அமெரிக்கத் தடைப் பட்டியலில் அதே பெயரில் வேறு ஏதோ ஒன்று இருந்ததால் கணினி சந்தேகப்பட்டது. இலங்கையில் ஓர் அறக்கட்டளை பெயருக்குப் போக வேண்டிய 20 மில்லியன் டாலர் உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லின் எழுத்து தப்பாக இருந்தது. இடையில் இருந்த ஜெர்மானிய வங்கி கேள்வி கேட்டது, பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போன 81 மில்லியன் மட்டும் சூதாட்ட விடுதிகளுக்குள் நுழைந்து கலைந்தது.

இந்தத் திருட்டு வெளியே தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. வங்காளதேச நிதியமைச்சரே பத்திரிகைச் செய்தி வழியாகத்தான் அறிந்தார். மத்திய வங்கி ஆளுநர் மார்ச் 15 அன்று பதவி விலகினார். என்னை உலுக்கியது அதற்கும் பிறகு தெரிய வந்த செய்தி. அதே மாதிரித் திருட்டு 2015 ஜனவரியிலேயே எக்குவடோரில் ஒரு வங்கியில் நடந்து, ஏறத்தாழ 12 மில்லியன் டாலர் போயிருந்தது. அதை அந்த வங்கி சுவிஃப்ட் அமைப்புக்குத் தெரிவிக்கவில்லை. 2015 கடைசியில் வியட்நாமில் இன்னொரு வங்கியைக் குறிவைத்தார்கள். அந்த வங்கி தடுத்துவிட்டது, அதுவும் அன்றைக்கு வெளியே சொல்லவில்லை. 2016 மே மாதத்தில்தான் இரண்டும் உலகத்துக்குத் தெரிந்தன. எக்குவடோர் வங்கி அன்றே வாய் திறந்திருந்தால் டாக்காவில் யாராவது அந்தப் பிரிண்டரை இரண்டாம் முறை பார்த்திருப்பார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அந்த வங்கியின் மேலாளர்களும் என்னைப் போலவே “பேர் கெட்டுடும்” என்று நினைத்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அந்த அடிக்குப் பிறகு சுவிஃப்ட் 2016இல் வங்கிகளுக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தாக்கப்பட்ட வங்கி தகவல் சொல்வதும், அந்தத் தகவல் பெயர் இல்லாமல் மற்ற வங்கிகளுக்குப் போவதும் அதில் ஒரு பகுதி. அதன் பயன் நம் நாட்டிலேயே தெரிந்தது. 2018 மார்ச் 27 அன்று பேங்க் நெகாரா மலேசியாவின் பணத்தை எடுக்கப் போலி சுவிஃப்ட் செய்திகள் கிளம்பின. கண்டுபிடித்து நிறுத்தினார்கள், ஒரு காசு போகவில்லை. இரண்டே நாளில் 29ஆம் தேதி பேங்க் நெகாரா தானாக முன்வந்து அறிவித்தது. சுவிஃப்டும் மற்ற மத்திய வங்கிகளும் கைகொடுத்ததால் தடுக்க முடிந்தது என்றும் சொன்னது. அந்தத் தகவலை வைத்து பிலிப்பைன்ஸ் மத்திய வங்கி தன் நாட்டு வங்கிகளை உஷார்ப்படுத்தியது. டாக்காவில் ஒரு மாதம், கோலாலம்பூரில் இரண்டு நாள். நம் பேங்க் நெகாராவை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ‘எங்களையும் குறிவைத்தார்கள்’ என்று சொன்னதால் அதன் பெயர் எங்கும் கெடவில்லை.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. நம்மில் பலருக்குக் கூடங்குளம் என்றால் போராட்டம்தான் நினைவுக்கு வரும். 2019 அக்டோபரில் அந்த அணுமின் நிலையம் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. டிடிராக் என்ற உளவு மென்பொருளின் ஒரு மாதிரி, ஆய்வாளர்கள் கோப்புகளைப் போட்டுச் சோதிக்கும் பொதுத் தளத்தில் கிடைத்தது. அதற்குள் கூடங்குளம் நிலையத்தின் உள் வலையைக் காட்டும் தகவல்கள் இருந்தன. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் அது இருந்தது, உலையை இயக்கும் வலை தனியாக இருக்கிறது என்று விளக்கியது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு செப்டம்பர் 4 அன்றே தங்களுக்குத் தகவல் சொன்னதையும் கழகம் ஒப்புக்கொண்டது. புக்ராஜ் சிங் என்ற பாதுகாப்பு வல்லுநர், வெளியாள் ஒருவர் கண்டெடுத்து ஒப்படைத்ததைத் தாம் அரசுக்கு எடுத்துச் சொன்னதாகக் கூறினார்.

அந்தச் செப்டம்பரில்தான் காஸ்பர்ஸ்கி நிறுவன ஆய்வாளர்களும் டிடிராக் பற்றி எழுதியிருந்தார்கள். இந்தியாவின் நிதி நிறுவனங்களிலும் ஆய்வு நிலையங்களிலும் அது இருப்பதைக் கண்டிருந்தார்கள். அந்த மென்பொருளை எழுதியிருந்த விதத்தைப் பார்த்து, 2013இல் தென் கொரியாவின் வங்கிகளையும் தொலைக்காட்சி நிலையங்களையும் முடக்கிய கும்பலின் கை இது என்றார்கள். லாசரஸ் என்று பெயர் வைத்திருக்கும் கும்பல். டாக்கா திருட்டுக்கும் அந்தக் கும்பலையே அமெரிக்கா 2018இல் குற்றஞ்சாட்டியிருந்தது. இதைப் படித்த இரவு அப்பா பட்டையைத் தடவிய விரல்தான் எனக்குக் கண்ணில் நின்றது.

அணு நிலையமும் மத்திய வங்கியும் எங்கே, நாம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். 2025 மார்ச் 23 அன்று கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. 10 மில்லியன் அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டார்கள், கொடுக்க மாட்டோம் என்று மறுத்ததாகப் பிரதமரே பின்னர் சொன்னார். விமான நேரங்களை வெள்ளைப் பலகையில் கையால் எழுதி வைத்திருந்த படத்தை நம்மில் பலரும் பார்த்தோம். அங்கே போய் நின்றவர்களில் பாச்சாங்காரர்களும் இருந்திருப்பார்கள். அது மட்டுமல்ல. 2017 அக்டோபரில் இந்நாட்டின் 46.2 மில்லியன் கைப்பேசிக் கணக்குகளின் விவரங்கள் வெளியே கசிந்தது தெரிய வந்தது. மக்கள்தொகையைவிட அது அதிகம். முன்பின் தெரியாதவன் நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரியாகச் சொல்லிப் பேசுவது எப்படி என்று வியந்தவர்களுக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கான ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. மைசெர்ட் என்ற கணினி அவசரநிலைக் குழு 1997இலிருந்து இயங்குகிறது. இன்று சைபர் செக்கியூரிட்டி மலேசியாவின் கீழ் அது சைபர்999 உதவி மையத்தை நடத்துகிறது. 1-300-88-2999 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். அவர்களுடைய ‘லெபாநெட்’ எனக்கு மிகவும் பிடித்தது. லெபா என்றால் மலாயில் தேனீ. நிஜக் கணினிபோலத் தோன்றும் பொய்க் கணினிகளைத் திருடன் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, அவன் வந்து என்ன செய்கிறான் என்று பார்த்துப் படிக்கும் ஏற்பாடு அது.

2024 ஆகஸ்டு 26 முதல் சைபர் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. நாட்டுக்கு இன்றியமையாதவை என்று 11 துறைகளை அது குறிப்பிடுகிறது. வங்கி, மின்சாரம், சுகாதாரம், தண்ணீர் ஆகியவற்றோடு விவசாயமும் தோட்டத்துறையும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் முதல் தகவலை அதிகாரிகளுக்குத் தந்துவிட வேண்டும் என்பது அந்தத் துறைகளின் முக்கிய நிறுவனங்களுக்கு விதி. நம் கோயில் கமிட்டிக்கும் மாதர் சங்கத்துக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இந்தச் சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் நாங்களே வைத்துக்கொண்டோம். ஆறு மணி நேரம்கூட இல்லை, அரை மணி நேரம்.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதுமானதாக இருக்கிறது. பாச்சாங் சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிய நீல அட்டை நோட்டு, கணக்கர் அக்காவின் மேசையில் கிடக்கிறது. சந்தேகமான அழைப்போ செய்தியோ வந்தால் அதில் எழுத வேண்டும். நாள், நேரம், எண், என்ன சொன்னார்கள், எதைத் தொடச் சொன்னார்கள், எந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னார்கள். பிறகு அந்த எண்ணையும் கணக்கையும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்வது. சரிபார்க்காமல் எச்சரிக்கையை அள்ளி வீசுவதும் ஆபத்துதான். புலனத்தில் சுற்றும் பொய் எச்சரிக்கைகளால் சலித்துப்போய், உண்மையானது வரும்போது நாம் கண்டுகொள்வதில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்கச் சொன்ன வள்ளுவர் இதை எப்போதோ யோசித்துவிட்டார்.

இன்னொன்றையும் இந்தத் துறையிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பாதுகாப்பு வல்லுநர்கள் ஒரு தகவலைப் பகிரும்போது சாலைவிளக்கு நிறத்தைச் சேர்த்தே கொடுப்பார்கள். சிவப்பு என்றால் கேட்டவரோடு நிற்க வேண்டும். மஞ்சள் என்றால் அவருடைய நிறுவனத்துக்குள்ளும், தெரிந்துகொள்ள வேண்டிய அதன் வாடிக்கையாளர்களுக்கும் மட்டும். பச்சை என்றால் அந்தத் துறையைச் சேர்ந்த எல்லாருக்கும். நம் நோட்டில் யார் ஏமாந்தார் என்பது சிவப்பு மையில், எப்படி ஏமாற்றினார்கள் என்பது பச்சை மையில். சிவப்பில் உள்ளது இந்த அறையைத் தாண்டாது. பச்சையில் உள்ளது அன்றே நம் தொடர்பில் உள்ள 40 சங்கங்களுக்குப் போகிறது. பெயர் கெடுமே என்று நான் பயந்தேனே, பெயரைச் சொல்லவே தேவையில்லை என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

நோட்டு தொடங்கிய முதல் மாதம் இரண்டே பதிவுகள். யாரும் சொல்ல மாட்டார்களோ என்று கவலைப்பட்டேன். ஜாசின் தலைவி முதலில் தன் சங்கத்தில் நடந்ததை, தன் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் மற்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு மளிகைக்கடைக்காரர், ஒரு சாப்பாட்டுக் கடை அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். தலைமையாசிரியர் நேரில் வந்து, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொன்னார். வீட்டில்கூட இதுவரை சொல்லவில்லையாம். அக்கா அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நீங்களும் எழுதுங்கள், பேசுங்கள். ஆலயம், பள்ளி, சங்கம், கடை, எதுவானாலும் இப்படி ஒரு நோட்டு வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் குறித்துவிடுங்கள். ஆள் இல்லாத நோட்டு வெறும் காகிதம். எங்களிடம் சொல்ல விரும்பினால் அலுவலகத்துக்கு வாருங்கள், எந்த மையில் எழுத வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் நோட்டின் கடைசிப் பதிவைப் பார்த்தேன். அக்காவின் கையெழுத்து, பச்சை மை:

“செவ்வாய், காலை 9.40. மாசி மக ரத உபயம் என்று செய்தி. ஆலயப் படம் போட்டிருக்கு. கோப்பைத் திறந்து பெயர் பதியச் சொல்லுது. ஏ.பி.கே. ஜாசின் தலைவிக்கு வந்தது, திறக்கவில்லை. 9.46க்கு நமக்குச் சொன்னார். ஆலயத்தில் கேட்டாச்சு, அவங்க அனுப்பலை. 9.58க்கு எல்லாருக்கும் அனுப்பியாச்சு. சைபர்999க்கும் சொல்லியாச்சு.”

அன்புடன்,
ஆசிரியர்